பதினேழாம் பயனாளி

அத்தியாயம் 9

நடராஜா அழுதுகொண்டே மூன்றாவது வடையை எடுத்தபோதுதான் விவகாரம் பெரியது என்பது ராம்கிக்கு உறைத்தது. துக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு வடையோடு நிறுத்திக்கொள்வார்கள். தட்டைக் காலி செய்கிறவர்கள் பயத்தில் இருக்கிறவர்கள்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் வான்மதி. "ஆரைக் காணேல்லை?"

"பதினேழைக் காணேல்லை."

"பதினேழு பேரையா?" ராம்கி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"ஒராள் தம்பி. பதினேழாம் நம்பர் ஆள்."

ராம்கி மறுபடி உட்கார்ந்தான். தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில், புருவம் திருத்தும் கடைக்கு மேலே இருந்தது வான்மதியின் துப்பறியும் நிலையம். கீழே யாராவது 'ஆ' என்று கத்தினால் மேலே வழக்குச் சொல்ல வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். வான்மதி பதினாறு வருடம் குரோய்டன் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாதவனை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பேர். ராம்கி மதுரைக்காரன். மென்பொருள் கம்பெனி அவனை 'மறுசீரமைத்த' பிறகு, எட்டு மாதமாக இங்கே உதவியாளன்.

நடராஜா மூக்கைச் சிந்திவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவர் ஒரு முதியோர் மன்றத்தின் செயலாளர். புதன்கிழமை தோறும் தேவாலய மண்டபத்தில் நாற்பது பேர் கூடி முன்னூற்றிநாலு விளையாடுவார்கள். நாலு பேர், எதிரெதிரே உட்கார்கிறவர்கள் கூட்டாக இரண்டு கட்சி, ஒரு சீட்டுக்கட்டு, மூன்று மணி நேரச் சண்டை. போன வருடம் தனிமை ஒழிப்பு நிதியம் என்ற அரசு நிதியத்துக்கு விண்ணப்பித்தார்கள். மானியம் கிடைத்துவிட்டது.

"கிடைச்ச அண்டைக்குக் கேக் வெட்டினனாங்கள். அடுத்த நாள் நூற்றிமுப்பது பக்கத்திலை நிபந்தனை வந்தது தங்கச்சி. மாத அறிக்கை, காலாண்டு அறிக்கை, அறிக்கைகள் ஒழுங்கா அனுப்பப்பட்டதா எண்டு ஒரு அறிக்கை. நான் சமையலறையிலை இருந்து எழுதிக்கொண்டே இருக்கிறன். இந்த ஒரு வருசத்திலை மண்டபத்துக்குள்ளை என்ன நடக்குது எண்டு நான் எட்டிப் பாத்ததே இல்லை."

"பதினேழு?" என்று வான்மதி நினைவூட்டினாள்.

"நிதியத்திலை இருந்து இண்டைக்கு மூண்டு மணிக்கு அதிகாரி வாறார். கணினி குலுக்கிப் போட்டு ஒரு பயனாளியைத் தெரிவு செய்திருக்கு. அவரை நேரிலை பார்த்து, தனிமை உண்மையாக் குறைஞ்சதோ எண்டு கேட்க வேணுமாம். கணினி எடுத்தது பதினேழாம் பயனாளியை."

"அப்ப பேர்ப் பட்டியலைப் பார்த்தா முடிஞ்சுதே சார்," என்றான் ராம்கி.

நடராஜாவின் கை நாலாவது வடையை நோக்கிப் போனது. "நிபந்தனை பதினாலு. 'பயனாளிகளின் பெயர்களை எண்களாக மாற்றி, அறிக்கை அனுப்பியதும் மூலப் பட்டியலை அழித்துவிட வேண்டும்.' அழிச்சுப் போட்டன்."

"எப்படி?"

"அரைச்சு. அதுக்கெண்டே மானியத்திலை ஒரு மெசின் வாங்கினனாங்கள்."

கீழ்க்கடையில் யாரோ அலறினார்கள்.

"அதாவது, ஆளோட பேரை அழிக்கணும்னு ஒரு நிபந்தனை. அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தணும்னு இன்னொரு நிபந்தனை," என்றான் ராம்கி. "ரெண்டையும் எழுதினவர் ஒரே ஆளா சார்? வீட்ல அவரோட யாரு குடும்பம் நடத்துறாங்க?"

"ராம்கி, நீர் சும்மா இரும்," என்றாள் வான்மதி. "மற்ற முப்பத்தொன்பது பேரும்?"

"தாங்கள் தாங்கள் நிரப்பித் தந்த, நம்பர் மட்டும் போட்ட கேள்வித்தாளை அடையாளம் கண்டு கையைத் தூக்கிப்போட்டினம். இது ஒண்டுக்குத்தான் ஆள் இல்லை. ஆளைக் காட்டாட்டில் 'கற்பனைப் பயனாளி' எண்டு எழுதுவினம். மானியம் நிண்டிடும், மண்டபம் போயிடும். என்ரை பேர் ஏமாத்துக்காரர் பட்டியலிலை ஏறும். நாற்பது சனம் புதன்கிழமை எங்கை போறது?"

அவர் மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். பதினேழாம் பயனாளியின் கேள்வித்தாள். பெயர் இல்லை, முகவரி இல்லை. நீல மையில் அச்சடித்தாற்போல எழுத்து.

வான்மதி அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். ராம்கி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். 'மன்றத்தில் என்ன குறை?' என்ற கேள்விக்கு, 'தேநீர் மட்டுமே கிடைக்கிறது. காபி இருந்தால் நலம்' என்று பதில்.

"மேடம், இது எங்க தமிழ்நாட்டுப் பக்கத்து ஆளு," என்றான் ராம்கி. "உங்க இலங்கை ஆளுங்க தேத்தண்ணியைக் குறை சொல்லவே மாட்டாங்க. சாயம் கொஞ்சம் பத்தலைன்னுதான் சொல்லுவாங்க."

"சரி. அடுத்தது?"

'எந்த நாட்களில் வர இயலவில்லை?' என்பதற்கு, 'மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசி வாரங்கள்' என்றிருந்தது.

"காலாண்டு முடிவு!" ராம்கி மேசையைத் தட்டினான். "கணக்காளர் மேடம். அந்த வாரங்கள்ல மூச்சு விடக்கூட நேரம் இல்லாதவங்க அவங்கதான்."

ஸ்ட்ரெதம் வரைக்கும் இருந்த தமிழ்க் கணக்காளர்கள் நாலு பேருக்கும் அரை மணி நேரத்தில் போன் போட்டான். நாலு பேரும் மறுத்தார்கள். மூன்று பேருக்கு முன்னூற்றிநாலு என்றால் என்னவென்றே தெரியவில்லை. நாலாவது ஆள், மன்றத்தில் சேர வயது எத்தனை ஆகியிருக்க வேண்டும் என்று விசாரித்தார்.

மணி பதினொன்றே முக்கால்.

*

தேவாலய மண்டபத்தில் அதிகாரியை வரவேற்கத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். துளசி அக்கா மட்டும் அதில் கலந்துகொள்ளாமல், மூலை மேசையில் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்துநாலு வயது. மன்றத்தில் அவரை வென்றவர்கள் இருவர். அதில் ஒருவர் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டதாகப் பேச்சு.

"காப்பி கேட்கிற ஆளோ? ஓம், என்ரை கட்சிதான்," என்றார் அவர். "ஒரு வருசமா எனக்கு எதிர்க் கதிரை. இப்ப ஒரு மாசமாக் காணேல்லை."

ராம்கிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "பேர் என்னங்கம்மா?"

"தம்பி எண்டு கூப்பிடுவன்."

"முகம் எப்படி இருக்கும்?"

"முகமோ? சீட்டு விளையாடேக்கை ஆர் பிள்ளை முகம் பாக்கிறது? எனக்கு அவரின்ரை கைதான் தெரியும்."

வான்மதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கை எப்பிடியிருக்கும் அக்கா?"

"நகம் ஒட்ட வெட்டியிருக்கும். வலது பெருவிரல் நுனியிலை வட்டமா ஒரு தழும்பு. காகிதம் புரட்டுற ஆக்கள் மாட்டுவினமே ரப்பர்த் தொப்பி, அதைக் கழட்டின மாதிரி."

"விளையாட்டு?"

துளசி அக்கா பெருமூச்சு விட்டார். "எது துரும்புச் சீட்டு எண்டு சொல்ல முதல் என்னைப் பார்த்து 'ஆட்சேபணை உண்டா?' எண்டு கேட்பார். கட்சிக்காரரைக் கேட்கக் கூடாது தம்பி எண்டு எத்தினை தரம் சொல்லியாச்சு! தோத்தால் ஏன் தோத்தம் எண்டு மூண்டு காரணம் சொல்லுவார். அதோடை விடுவாரோ? அடுத்த முறைக்கு ரெண்டு பரிந்துரை."

ராம்கி சிரித்தான். வான்மதி சிரிக்கவில்லை. அவள் மெதுவாகக் கேள்வித்தாளை எடுத்து, அந்தத் தாளை வைத்து இதுவரை யாருமே செய்யாத காரியத்தைச் செய்தாள். பின்பக்கம் திருப்பினாள்.

பின்பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி. அதன் தலைப்பில், 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும். இங்கே எழுத வேண்டாம்.' பெட்டிக்குள்ளே கோப்பு எண், பிரிவுக் குறியீடு, 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல், சின்னதாக ஒரு சுழிக் கையெழுத்து.

"அண்ணை, இதை நீங்கள் எழுதினியளோ?"

கூடவே வந்து தோரணம் கட்ட ஏணியில் ஏறியிருந்த நடராஜா அவசரமாக இறங்கினார். "எழுத வேண்டாம் எண்டு போட்டிருக்கிற இடத்திலை நான் ஏன் தங்கச்சி எழுதுறன்? அந்தக் குறியீடு என்னெண்டும் எனக்குத் தெரியாதே!"

"மற்ற முப்பத்தொன்பது தாளிலையும்?"

"வெறும் பெட்டிதான்."

வான்மதி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "காலாண்டு முடிவிலை வேலை முறியிறது கணக்காளருக்கு மட்டுமில்லை ராம்கி. எல்லாரும் அனுப்புற அறிக்கையை இருந்து வாசிக்கிறவனுக்கும்தான். வெறும் பெட்டியைக் கண்டா இவருக்குக் கை தானா ஓடுது. வாரும், குரோய்டனுக்குப் போவம்."

"நிதியத்தோட ஆபீஸுக்கா? மேடம், பேர் தெரியாது, முகம் தெரியாது. பெருவிரலைக் காட்டுங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டா நம்மளைத்தான் உள்ள தள்ளுவாங்க."

"பெருவிரல் தேவையில்லை," என்றாள் வான்மதி.

*

ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கிழக்குக் குரோய்டன். நிதியத்தின் கட்டடம் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கண்ணாடிக் கதவு, கண்ணாடி மேசை, உள்ளே வந்தவர்களை நம்பாத ஒரு காவலாளி. மணி ஒன்று. மதியச் சாப்பாட்டுக்காக லிப்ட் லிப்டாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தியர்கள் மட்டுமே முப்பது பேருக்குக் குறையாது.

வான்மதி முன்கூடத்தின் நடுவில் போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, டிராமின் கடைசிப் பெட்டி வரை கேட்கப் பழகிய அந்தக் குரலில், துளசி அக்காவைப் போலவே ஒரு அதட்டல் போட்டாள்.

"தம்பி! துரும்பு என்ன?"

காவலாளி எழுந்து நின்றான். சாலட் பெட்டியோடு போன இரண்டு பெண்கள் வழி விலகினார்கள். சாம்பல் ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர் மட்டும் நடந்தபடியே அப்படியே உறைந்தார். திரும்பக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது:

"இஸ்பேட். ஆட்சேபணை உண்டா?"

சொன்ன பிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. கையிலிருந்த கோப்பு நழுவி விழுந்தது. ராம்கி பாய்ந்து எடுத்தான். மேலட்டையை இரண்டு தடவை படித்தான்.

'பயனாளி 17: நேர்காணல். இன்று பிற்பகல் 3.00. அதிகாரி: கிருஷ்ணமூர்த்தி.'

நிதியத்தில் யாரோ ஒரு குமாஸ்தா கிடைப்பார் என்று வந்தார்கள். வந்து மாட்டியவர் பதினேழைத் தேடிப் புறப்பட்ட அதிகாரியே.

"சார்," என்றான் ராம்கி, "நீங்க தேடிப் போற ஆளு உங்க ஸ்வெட்டருக்குள்ளதான் இருக்காரு."

கிருஷ்ணமூர்த்திக்கு ஐம்பத்தேழு வயது, திருச்சிக்காரர். முன்கூடத்து சோபாவில் உட்கார்ந்து, வான்மதி கொடுத்த கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வந்தது வெறும் எண்கள் போட்ட அட்டவணைதான்," என்றார் மெல்ல. "பதினேழு நான்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு பின்பக்கப் பெட்டியைப் பார்த்தார். காது சிவந்தது. "இங்கே எழுத வேண்டாம்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கு," என்றாள் வான்மதி.

"அந்த வரியை எழுதினதே நான்தான்."

"நிபந்தனை பதினாலு?" என்றான் ராம்கி.

"அதுவும்."

ராம்கி கையெடுத்துக் கும்பிட்டான்.

கதை மெதுவாக வெளியே வந்தது. ஒரு வருடத்துக்கு முன், முன்னறிவிப்பு இல்லாத சோதனைக்காக அந்த மண்டபத்துக்குப் போயிருந்தார். அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டபோது, ஒரு மூதாட்டி சீட்டிலிருந்து கண் எடுக்காமல், "தம்பி, ஒரு கை குறையுது, இருங்கோ" என்று சொல்லிவிட்டார். இவரும் உட்கார்ந்துவிட்டார். அன்று ஏழு ஆட்டம் தோற்றார். அடுத்த புதன்கிழமை எதற்காகப் போனார் என்று அவருக்கே விளங்கவில்லை. மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம். மகன் பெர்த்தில் இருந்தான். சோதனை அறிக்கை இன்னும் எழுதப்படாமல் மேசையிலேயே கிடந்தது.

"கேள்வித்தாள் கொடுத்தப்ப மறுத்திருக்கலாமே சார்?"

"படிவத்தை வேண்டாம்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

வான்மதி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது.

"இதுல ஒண்ணுமே இல்லை," என்று ராம்கி இருவருக்கும் நடுவில் வந்தான். "நான் பதினேழா நடிக்கிறேன். சார் என்னைக் கேள்வி கேக்கட்டும். நானும் காபி குடிக்கிற ஜாதிதான். மூணு மணிக்கு வர்றோம், மூணேகாலுக்கு எல்லாரும் சந்தோஷமாப் போறோம்."

"ஏலாது," என்றாள் வான்மதி. "வேறை ஆளின்ரை டிக்கெட்டிலை நான் ஒருத்தரையும் ஏத்தினதில்லை. நடராஜா அண்ணை ஏமாத்தேல்லை எண்டு காட்டத்தான் வந்தனாங்கள். அதை ஏமாத்திக் காட்டேலாது."

"உண்மையைச் சொன்னா இவர் வேலை போயிடும் மேடம்!"

"அது எனக்கும் தெரியும்."

இருவரும் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது அவருக்கு. அவர் கேள்வித்தாளை நான்காக மடித்தார், மறுபடி விரித்தார். எழுந்து லிப்டை நோக்கி நடந்தார்.

"எங்க சார் போறீங்க?"

"நலன் முரண்பாடு அறிவிப்புன்னு ஒரு படிவம் இருக்கு. மேல போய் நிரப்பணும்." லிப்டுக்குள் நுழைந்தவர் தலையை மட்டும் நீட்டினார். "அதுல 'சம்பந்தப்பட்ட நபருக்கும் உங்களுக்கும் என்ன உறவு'ன்னு ஒரு கேள்வி வரும். என்ன எழுதுறது?"

"நெருங்கிய உறவுன்னு எழுதுங்க சார்," என்றான் ராம்கி. லிப்ட் மூடிக்கொண்டது.

*

மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வந்தது கிருஷ்ணமூர்த்தியின் மேலதிகாரி தாரிணி. முப்பத்திரண்டு வயது, லண்டனிலேயே வளர்ந்த பெண், கையில் மடிக்கணினி. படிவத்தைப் பார்த்ததும் நேர்காணலைத் தானே எடுத்துக்கொண்டவள். பின்னால் குனிந்த தலையோடு கிருஷ்ணமூர்த்தி. தோரணத்தின் கீழே மேசை போட்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாற்பதில் முப்பத்தொன்பது பயனாளிகளும் சுற்றி நின்றார்கள். நடராஜா ஒரு வருடத்தில் முதல் தடவையாக அறிக்கை எழுதாமல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ரூல்ஸ் படி நான் உங்களைத் தெரியாத மாதிரித்தான் கேட்கணும்," என்றாள் தாரிணி.

"ஆமாம்மா. பத்தி நாலு, உட்பிரிவு இரண்டு."

"பெயர்?"

"சொல்லக் கூடாது. நிபந்தனை பதினாலு."

தாரிணி கண்ணை மூடித் திறந்தாள். "ஓகே. நீங்கள் ஒரு உண்மையான ஆளா?"

கிருஷ்ணமூர்த்தி யோசித்தார். அவர் யோசித்த நேரத்தில் நடராஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஆமா," என்றார் கடைசியில்.

எட்டுக் கேள்விகள் இப்படியே போயின. ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது தாரிணியின் குரல் கொஞ்சம் தணிந்தது. "போன ஒரு மாசத்திலை, எத்தனை நாள் தனிமையா ஃபீல் பண்ணினீங்கள்?"

"இந்த மன்றத்துக் கோப்பு என் மேசைக்கு வந்ததுல இருந்து நான் இங்க வரல. அதனால எல்லா நாளும்."

"அதுக்கு முதல்?"

"புதன்கிழமை தவிர எல்லா நாளும்."

ராம்கிக்கு இந்த இடத்தில் சொல்ல ஏதாவது ஒரு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும். தேடினான். கிடைக்கவில்லை.

தாரிணி தட்டச்சு செய்தாள். கணினி ஒரு தடவை சுழன்று நின்றது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு நாளிலை ஒரு நாள். தனிமை நூற்றுக்குப் பதினாலு வீதம் குறைஞ்சிருக்கு," என்றாள். "இந்த ப்ராஜெக்டின்ரை டார்கெட் பத்து வீதம்தான். சிஸ்டம் 'மிகச் சிறந்த வெற்றி' எண்டு சொல்லுது."

நடராஜா சுவரோடு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். யாரோ கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் மற்றவர்களும் தட்டினார்கள். பச்சைப் பொத்தான் ஒன்றை அழுத்திவிட்டு, தாரிணி கிருஷ்ணமூர்த்தியின் பக்கம் சாய்ந்தாள்.

"மானியம் தொடரும். ஆனா ஒரே ஆள் அதிகாரியாவும் பயனாளியாவும் இருக்க ஏலாது அங்கிள். ஒண்டைத்தான் வைச்சிருக்கலாம்."

"என்னை நடைபாதை போடுற துறைக்கு மாத்திடுங்கம்மா," என்றார் அவர் உடனே. "அங்க பயனாளிகளே கிடையாது. கல்லு மட்டும்தான்."

"எச்சரிக்கைக் கடிதமும் வரும். நான்தான் எழுதணும். எப்படி எழுதுறதெண்டு தெரியேல்லை."

"பொதுக் கோப்புறையில மாதிரி ஒண்ணு இருக்கு. நான் தயாரிச்சது. தேதியை மட்டும் மாத்தினா போதும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு துளசி அக்கா வந்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக, சீட்டு இல்லாத நேரத்தில், கிருஷ்ணமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். மூக்கிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தார்.

"மற்ற ஆறு நாளும் பின்னேரத்திலை என்ன செய்யிறனீர்?"

"அறிக்கை படிப்பேன்மா."

"சனிக்கிழமை?"

"அன்னைக்குக் கொஞ்சம் பெரிய அறிக்கை."

துளசி அக்காவுக்குக் கோபம் வந்தது. "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு என்ரை வீட்டை வாரும். இடியப்பம் அவிக்கிறன். என்ரை தங்கச்சியும் மச்சானும் வருவினம்."

கிருஷ்ணமூர்த்தியின் கை பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது. மேசையில் ஒரு வெற்றுத்தாளைத் தேடினார். "வர்றேன்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

"ஒரு இடத்திலையும் போட வேண்டாம்," என்று துளசி அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "சும்மா வாரும்."

கிருஷ்ணமூர்த்தி வெறுங்கையோடு நின்றார். பிறகு அந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.